பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பாத கதைகள்

சாவு விழுந்த வீட்டில் முதலில் நடக்கும் காரியங்களில் ஒன்று, பிள்ளைகளை அப்புறப்படுத்துவது. பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்புவதற்கும் உறவுக்காரர்களுக்குப் போன் போடுவதற்கும் நடுவே, யாராவது ஒரு சித்தியோ எதிர்வீட்டு அக்காவோ பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவார். அங்கே டிவி ஓடும். தட்டில் பிஸ்கெட் இருக்கும். பறைச் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போது டிவியின் சத்தத்தை ஒருவர் கூட்டிவைப்பார். "அம்மா எங்க?" என்று கேட்டால் "சாமிகிட்ட போயிருக்காங்க" என்று பதில் வரும். "எப்ப வருவாங்க?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வராது; இன்னொரு பிஸ்கெட் வரும்.

ஒப்பாரி என்று துக்கத்துக்குத் தனிப் பாட்டு வகையே வைத்திருக்கும் மொழி இது. யார் கோடி போடுவது, யார் கொள்ளி வைப்பது, எத்தனையாம் நாள் காரியம் என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. அந்த முறையில் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு: தாத்தாவோ பாட்டியோ போனால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கலாம். அது கல்யாணச் சாவு. தாயோ தகப்பனோ அண்ணனோ அகாலத்தில் போனால் ஏழு வயதுப் பிள்ளை நிற்க வேண்டிய இடம் எதுவென்று யாரும் வகுத்துவைக்கவில்லை. ஆகவே பக்கத்து வீடு.

குழந்தை இலக்கியத்தில் நட்பும் குடும்ப இழப்பும் என்ற இன்றைய பேச்சு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குகிறது. உலகக் குழந்தை இலக்கியத்தில் சில கதைகள் பிள்ளையை அங்கே அனுப்ப மறுத்திருக்கின்றன. அவற்றில் பிள்ளையோடு கூட நிற்பது பெரும்பாலும் இன்னொரு பிள்ளை. அந்த இன்னொரு பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஆறுதல் சொல்வதை அது அநேகமாகச் செய்வதே இல்லை.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக் கதைகளில் அநாதைகளுக்கா பஞ்சம்? ஹைடி அநாதை. ஆன் ஷெர்லி அநாதை. டாம் சாயர் பெரியம்மா வீட்டில் வளர்கிறான். ஹாரி பாட்டரின் பெற்றோர் கதை தொடங்கும் முன்பே செத்துப்போகிறார்கள். இதில் பெரும்பகுதி எழுத்தாளரின் வசதிக்காக நடந்த கொலை. தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தால் பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குகைக்குப் போக முடியாது, "எங்கே போறே, சாப்பிட்டியா?" என்று ஒரு குரல் வந்து கதையை நிறுத்திவிடும். அதனால் பெற்றோரை முதல் அத்தியாயத்திலேயே முடித்துவிட்டு, பிள்ளையை ஊர்சுற்ற விடுவது பழைய தொழில்நுட்பம். இவை அநாதைக் கதைகள்தான். ஆனால் எல்லாமே துக்கக் கதைகள் ஆகிவிடா. பெற்றோர் இல்லாத பிள்ளை வேறு. பெற்றோரைத் தேடுகிற பிள்ளை வேறு.

முதல் வகையாகத் தொடங்கி, ஆசிரியரே அறியாமல் இரண்டாம் வகைக்குள் நழுவிய புத்தகம் ஒன்று உண்டு. பிரான்செஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911இல் வெளிவந்த 'தி சீக்ரெட் கார்டன்'. நமக்கு அதில் கூடுதல் அக்கறை இருக்க நியாயம் உண்டு, ஏனென்றால் அது இந்தியாவில் தொடங்குகிறது. மேரி லெனாக்ஸுக்கு ஒன்பது வயதிருக்கும் ஒரு புழுக்கமான காலையில், எழுப்ப வரவேண்டிய ஆயா வரவில்லை. வேறொரு வேலைக்காரி வந்து நிற்கிறாள். மேரி அவளை அடித்து உதைக்கிறாள். என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. தனியாக வெளியே போய், வராந்தா ஓரத்து மரத்தடியில் மண்ணைச் சின்னச் சின்னதாகக் குவித்து, பெரிய பெரிய செம்பருத்திப் பூக்களைப் பறித்து அதில் செருகி, தோட்டம் போடுவதாக விளையாடுகிறாள்.

வீட்டில் செம்பருத்தி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் விரிந்த பூ, செடியில் இருந்தாலே மாலைக்குள் சுருண்டுபோகும். நாவலில் மேரி போடும் முதல் தோட்டம் அது, வேர் இல்லாதது.

காலரா. ஆயா அன்றே சாகிறாள். அடுத்து மேரியின் தாயும் தகப்பனும். வேலைக்காரர்களில் சிலர் சாக, மற்றவர்கள் ஓடிவிடுகிறார்கள். பங்களாவில் ஒரு குழந்தை இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோகிறது. கடைசியில் வந்து பார்க்கும் ராணுவ அதிகாரிகள்தான் அவளைக் கண்டெடுக்கிறார்கள். மேரி அழுவதில்லை. தாயை அவள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அழகான உடைகள் அணிந்த ஒரு பெண்மணி, அவ்வளவுதான். ஆயாவுக்காகவும் அழவில்லை. இனி வேறு ஆயா வருவாள், புதுக் கதைகள் சொல்வாள் என்று நினைத்துக்கொள்கிறாள். ஆங்கில வாசகர்கள் நூறு வருடமாக இந்த இடத்தைக் கடந்து யார்க்‌ஷயருக்குப் போய்விட்டார்கள். நம் வாசகர் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த ஒரே மனுஷி அந்த ஆயாதான். நாவலில் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

மேரி பிறகு அனுப்பப்படும் யார்க்‌ஷயர் மாமா வீட்டில் கதை வேறு. அங்கே பூட்டிய ஒரு தோட்டம். மாமி அந்தத் தோட்டத்து மரக்கிளையிலிருந்து விழுந்து இறந்துபோனாள்; மாமா தோட்டத்தைப் பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டார். பத்து வருடம் ஆகிறது. மகன் காலினைப் பார்த்தால் மனைவி ஞாபகம் வருகிறது என்பதால் மகனையும் ஓர் அறைக்குள் பூட்டிவைத்த மாதிரிதான். பத்து வயதுப் பையன் படுக்கையிலேயே கிடக்கிறான். முதுகில் கூன் விழப்போகிறது, சீக்கிரம் செத்துப்போவான் என்று வீட்டில் எல்லாரும் கிசுகிசுக்கிறார்கள். எல்லாரும் அவன் முன்னால் மெதுவாக நடக்கிறார்கள், கேட்டதையெல்லாம் கொடுக்கிறார்கள்.

மேரி கொடுப்பதில்லை. ஒரு ராத்திரி அவன் வீடே அதிரக் கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணும்போது, அவள் உள்ளே ஓடிப்போய் அவனைவிட உரக்கக் கத்துகிறாள். முதுகில் கட்டி வந்துவிட்டது என்று அவன் அழ, சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள். முதுகெலும்பை மேலிருந்து கீழாக ஆராய்ந்துவிட்டு, குண்டூசித் தலை அளவுக்குக்கூட அங்கே எதுவும் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறாள். பத்து வருடமாக வைத்தியர்களும் தாதிகளும் செய்யாத காரியம் அது. இரக்கப்பட்டவர் யாரும் அவன் பயத்தை நேராகப் பார்க்கவில்லை. சண்டைக்காரி பார்த்தாள்.

பர்னெட்டின் சொந்த வாழ்க்கையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அவருடைய மூத்த மகன் லயனல் 1890இல் காசநோயில் இறந்தான், 16 வயதில். சாகப்போகிறான் என்பதை மகனுக்குத் தெரியவிடாமல் கடைசிவரை காத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பரிசுகள் வந்தன, பொம்மைகள் வந்தன, உண்மை மட்டும் வரவில்லை. இருபது வருடம் கழித்து அவர் எழுதிய நாவலில், எல்லாரும் சாவைப் பற்றிக் கிசுகிசுக்கும் ஓர் அறைக்குள் ஒரு சிறுமி நுழைந்து, அதை உரக்கப் பேசுகிறாள். தாய் செய்ய முடியாததை எழுத்தாளர் செய்துகொண்டார் என்று சொன்னால் அது ஊகம்தான். ஆனால் தள்ளிவிட முடியாத ஊகம்.

இங்கே ஓர் இடைச்செருகல். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பொருத்தமான புத்தகத்தைக் கொடுத்துக் குணப்படுத்துவது என்று ஒரு முறை இப்போது உலகெங்கும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிப்லியோதெரபி' என்பார்கள். அந்தச் சொல் பிறந்தது 1916இல், சாமுவேல் மெக்கார்ட் க்ரோதர்ஸ் என்ற பாதிரியார் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகையில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரை ஒன்றில். புத்தகங்களை மருந்துச்சீட்டில் எழுதிக்கொடுக்கும் ஒரு கற்பனை வைத்தியரைக் கிண்டல் செய்திருந்தார். கிண்டல் போய் வைத்தியம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று 'தாத்தா இறந்தால்', 'செல்லநாய் இறந்தால்' என்று நோய்க்கு ஒரு மாத்திரை மாதிரி படப்புத்தகங்கள் வருகின்றன. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனாலும் தேனில் குழைத்த கஷாயத்தின் வாசனையைப் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் புத்தகங்களில் நண்பர்கள் எப்போதும் சரியானதையே சொல்கிறார்கள். அதுவே அவற்றின் கோளாறு. நிஜத்தில் பத்து வயது நண்பன் தப்பானதைத்தான் சொல்வான்.

தப்பானதைச் சொல்லும், அதனாலேயே நம்பத்தகுந்த பிள்ளைகளை எழுதுவதில் கேட் டிகமில்லோ கெட்டிக்காரர். அவரது முதல் நாவல் 'பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி' 2000இல் வந்தது. மறு வருடம் நியூபெரி கௌரவம் பெற்றது. ஃபுளோரிடாவில் வளர்ந்த டிகமில்லோ, பனி கொட்டும் மினியாபொலிஸில் ஒரு புத்தகக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு, நாய் வளர்க்க அனுமதி இல்லாத குடியிருப்பில் இருந்தபோது எழுதியது. நாய் இல்லாத ஏக்கத்தில் ஒரு நாயை எழுதினார். அவர் சிறுமியாக இருந்தபோது தகப்பன் குடும்பத்தோடு வராமல் பின்தங்கிவிட்டார் என்பதும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

கதையின் நாயகிக்குப் பெயர் இந்தியா ஓபல் புலோனி. அப்பா ஒரு காலத்தில் இந்தியாவில் மிஷனரியாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது சின்ன ஊர் ஒன்றில் போதகர். ஓபலுக்கு மூன்று வயதாகும்போது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். சாகவில்லை, போய்விட்டாள். செத்தவர்களுக்குத் திதி கொடுக்கலாம். போனவர்களுக்கு என்ன செய்வது? அப்பா ஆமை மாதிரி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்பவர். சூப்பர் மார்க்கெட்டில் அகப்பட்ட ஒரு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் கடையின் பெயரையே அதற்கு வைத்த தைரியத்தில், ஓபல் அப்பாவிடம் கேட்கிறாள்: எனக்குப் பத்து வயது, அம்மாவைப் பற்றிப் பத்து விஷயம் சொல்லுங்கள்.

அவர் சொல்கிறார். செம்பட்டை முடி, முகத்தில் புள்ளிகள். வேகமாக ஓடுவாள். செடி வைத்தால் எதுவும் முளைக்கும். சமைக்கத் தெரியாது. வானத்து நட்சத்திரங்களின் பெயர் தெரியும். போதகரின் மனைவியாக இருப்பது பிடிக்கவில்லை. குடிப்பாள். பட்டியலில் நல்லதும் கெட்டதும் கலந்தே வருகின்றன. அப்பா எதையும் மெழுகுவதில்லை. ஓபல் அறைக்குப் போய் அவ்வளவையும் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறாள். அம்மா திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமே.

இந்த நாவலில் நட்பு அழகான முகத்தோடு வருவதில்லை. அமண்டா வில்கின்சன் என்று ஒரு பெண். எப்போதும் ஏதோ நாற்றத்தை முகர்ந்த மாதிரி முகத்தைச் சுருக்கி வைத்திருப்பாள். ஓபலுக்கு அவளைக் கண்டால் ஆகாது. நூலகத்தில் மிஸ் ஃப்ரானி பிளாக் என்ற கிழவி, தன் கொள்ளுத்தாத்தா செய்த மிட்டாயை இருவருக்கும் கொடுக்கிறாள். அந்தக் கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பதினான்கு வயதில் ஓடிப்போனவர். திரும்பி வந்தபோது வீடு சாம்பல், அம்மாவும் தங்கைகளும் டைஃபாய்டில் போயிருந்தார்கள், அப்பா போர்க்களத்தில். அழுது முடித்ததும் அவருக்கு ஏதாவது இனிப்பாக வாயில் போட வேண்டும் போலிருந்தது. அப்படிப் பிறந்த மிட்டாயில் ஸ்ட்ராபெர்ரி ருசியோடு இன்னொரு ருசியும் கலந்திருக்கிறது. வாயில் போட்ட ஒவ்வொருவருக்கும் அது அவரவர் துக்கமாகக் கரைகிறது. அமண்டாவுக்கு கார்சன் நினைவு வருகிறது.

கார்சன் அவளுடைய தம்பி. ஐந்து வயது. போன வருடம் தண்ணீரில் மூழ்கிப் போனவன். அது பிறகுதான் ஓபலுக்குத் தெரிகிறது. அதன் பின் ஓபல் துக்கம் விசாரிக்கப் போவதில்லை, விருந்துக்குக் கூப்பிடுகிறாள். தன்னைக் கேலி செய்த பையன்கள் இரண்டு பேரையும் சேர்த்து. முட்டை சாண்ட்விச், பழரசம், இடி, மழை, காணாமல் போகும் நாய் என்று அந்த விருந்து பாதியிலேயே குலைகிறது. அமண்டாவின் முகம் அதற்குப் பிறகும் சுருங்கித்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுருக்கத்துக்கு என்ன பொருள் என்று இப்போது ஓபலுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். குறை சொல்ல ஓர் இடம் உண்டு: இந்த ஊரில் எல்லாருமே கொஞ்சம் அதிகமாக நல்லவர்கள். டிகமில்லோவே அதை உணர்ந்தாரோ என்னவோ, 2016இல் எழுதிய 'ரேமி நைட்டிங்கேல்' நாவலில் மூன்று சிறுமிகளும் அவ்வளவு சுலபமாக ஒட்டுவதில்லை. ஓடிப்போன அப்பா செய்தித்தாளில் தன் படத்தைப் பார்த்துத் திரும்பி வருவார் என்பதற்காக அழகிப் போட்டியில் சேரும் ரேமி, அந்தப் போட்டியையே நாசமாக்கிவிட நினைக்கும் பெவர்லி, அதே பரிசுப் பணத்தை நம்பியிருக்கும் அநாதையான லூசியானா. 1975ஆம் வருடக் கோடையில் கம்பு சுழற்றக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் மூவரும் சந்திக்கிறார்கள்.

நட்பு காயப்படுத்தவும் செய்யும் என்பதை எழுதத் துணிந்த புத்தகம் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. அதன் பிறப்பே ஒரு சாவில் நடந்தது. ஷிவான் டௌட் என்ற எழுத்தாளர் இந்தக் கதைக்கான கருவை யோசித்துவைத்திருந்தார். எழுதுவதற்குள் 2007இல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார், 47 வயதில். அந்தக் கருவை பேட்ரிக் நெஸ் எடுத்து எழுதினார், ஜிம் கே படம் வரைந்தார், 2011இல் வெளிவந்தது. மறு வருடம் பிரிட்டனில் எழுத்துக்கான கார்னகி பதக்கமும் ஓவியத்துக்கான கிரீனவே பதக்கமும் ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தன. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

கானருக்குப் பதின்மூன்று வயது. அம்மாவுக்குப் புற்றுநோய். அவனுடைய சிநேகிதி லில்லி, கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தெரிந்தவள், அந்தச் செய்தியைத் தன் தோழிகள் சிலரிடம் சொல்லிவிடுகிறாள். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் மறுநாளிலிருந்து கானர் பள்ளியில் மனிதனாக இல்லை. அவன் வந்தால் பேச்சு நிற்கிறது, ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள், வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் பரவாயில்லை என்கிறார்கள். பாட்டி வீட்டு வரவேற்பறையை அவன் ஒரு நாள் அடித்து நொறுக்குகிறான், யாரும் தண்டிக்கவில்லை. பள்ளியில் ஒரு பையனை ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு அடிக்கிறான். உன் நிலைமையில் எப்படித் தண்டிப்பது என்று தலைமையாசிரியர் விட்டுவிடுகிறார். தண்டனைகூடக் கிடைக்காத தனிமையை இதைவிடத் துல்லியமாக எழுதிய புத்தகம் அதிகம் இல்லை. 'பாவம், அம்மா இல்லாத பிள்ளை' என்று நம் வகுப்பறைகளில் ஒரு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துத் தலையைத் தடவுவதும் இதே கதைதான்.

ராத்திரியில் யூ மரம் ஒன்று ராட்சசனாக நடந்துவந்து அவனுக்கு மூன்று கதை சொல்கிறது. நான்காவது கதையை அவன் சொல்ல வேண்டும். எல்லாம் சீக்கிரம் முடிந்து தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். அந்த நினைப்பு அம்மாவைக் கொன்றுவிடும் என்று பயப்படுகிறான். நெடுநாள் நோயாளியைக் கவனித்த வீட்டில் பெரியவர்களுக்கும் அந்த நினைப்பு வந்திருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ராட்சசன் செய்யும் வேலை பெரியது. ஆனால் இந்த வாசிப்பில் கண் நிற்பது லில்லி மேல்தான். அவள் வகுப்பில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கைமாற்றி அனுப்புகிறாள். ஊரெல்லாம் சொன்னதற்கு மன்னிப்பு, சிநேகிதம் விட்டுப்போனதில் வருத்தம், கடைசியில், நீ என் கண்ணுக்குத் தெரிகிறாய் என்கிற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். சீட்டு நாலு மேசை தாண்டி வருகிறது.

காதரின் பேட்டர்சனின் 'பிரிட்ஜ் டு தெராபிதியா' இதே வரிசையில் வர வேண்டும், ஆனால் கோணம் வேறு. இதில் சாவது தோழியே. 1974இல் பேட்டர்சனின் மகன் டேவிட் எட்டு வயதாக இருந்தபோது அவனுடைய உற்ற தோழி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்தாள். அதே வருடம்தான் பேட்டர்சனுக்கும் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. எழுதத் தொடங்கி, சிறுமி சாக வேண்டிய அத்தியாயம் வந்ததும் அவர் கை நின்றுவிட்டது. நீ எதிர்கொள்ள முடியாமல் தவிப்பது அந்தப் பெண்ணின் சாவை இல்லை, உன் சாவை என்று ஒரு தோழி சொன்ன பிறகு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தார். புத்தகம் 1977இல் வந்து மறு வருடம் நியூபெரி பதக்கம் வாங்கியது. 2007இல் படமானபோது திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் அந்த டேவிட்.

வர்ஜீனியாவின் நாட்டுப்புறத்தில் ஜெஸ் என்ற ஏழைப் பையனும் லெஸ்லி என்ற புதுப் பெண்ணும் ஓடைக்கு அப்பால் ஒரு கற்பனை ராஜ்ஜியம் வைத்திருக்கிறார்கள். மரக்கிளையில் தொங்கும் கயிற்றைப் பிடித்து ஆடித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். ஜெஸ் பாட்டு டீச்சரோடு வாஷிங்டன் போன நாளில் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள். அவளையும் கூட்டிப் போகலாமா என்று கேட்கத் தோன்றியும் கேட்காமல் விட்டவன் அவன். அதன் பிறகு பேட்டர்சன் எழுதும் பக்கங்களில் ஒழுங்கே இல்லை. அவன் நம்ப மறுக்கிறான். வயிறாரச் சாப்பிடுகிறான். பள்ளியில் தன் வயதில் ஒருத்தியைச் சாகக் கொடுத்தவன் தான் மட்டும்தான் என்று ஒரு நிமிஷம் பெருமைகூட வருகிறது. தங்கையை அடிக்கிறான். லெஸ்லி கொடுத்த வண்ணப் பெட்டியை ஓடையில் எறிகிறான். குழந்தைகளின் துக்கம் பெரியவர்களுடையதைப் போல ஆறாக ஓடாது, மழைக்குப் பிறகு தெருவில் தேங்கும் குட்டைகள் மாதிரி இருக்கும் என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு. பிள்ளை ஒரு குட்டையில் விழும், எழும், விளையாடும், அடுத்ததில் விழும். அந்த உவமை பரவலாவதற்கு முன்பே பேட்டர்சன் அதை அத்தியாயமாக எழுதிவிட்டார்.

ஆறுதல் வருவதும் எதிர்பாராத இடத்திலிருந்து. வகுப்பாசிரியை மிஸஸ் மையர்ஸ் கடுகடுப்புக்குப் பேர்போனவர். ஜெஸ்ஸும் லெஸ்லியும் அவரைப் பூதம் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தவர்கள். காலையில் எல்லாரும் எழுந்து நிற்க அவன் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வெளியே வா என்கிறார். திட்டு விழப்போகிறது என்று போகிறான். அவர் தன் கணவர் இறந்த கதையைச் சொல்கிறார்: அழாதே, மறந்துவிடு என்றார்கள், எனக்கு மறக்க விருப்பமில்லை. கதையின் இறுதியில் ஜெஸ் பலகைகளைச் சுமந்துபோய் ஓடைக்குக் குறுக்கே போட்டு, தங்கையை அக்கரைக்கு அழைத்துப் போகிறான். கயிறு இருந்த இடத்தில் பாலம். அதைச் செய்ய அவனுக்கு ஆணியும் பலகையும் வேண்டியிருந்தன, அறிவுரை வேண்டியிருக்கவில்லை. இந்தப் புத்தகம் 1990களில் அமெரிக்காவில் அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களில் முதல் பத்துக்குள் இருந்தது. பிள்ளைகள் பேச்சில் வரும் சில சொற்கள் முதற்காரணம். குழந்தைப் புத்தகத்தில் சாவு எதற்கு என்பது இன்னொன்று.

தமிழ் வாசகருக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமான உதாரணம் 'டோட்டோ-சான்'. டெட்சுகோ குரோயாநாகி 1981இல் எழுதியது, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் வந்து ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தது. அது புனைகதை இல்லை, நினைவுக் குறிப்பு. ஆனாலும் இந்தப் பேச்சில் அதைத் தவிர்க்க முடியாது. ரயில்பெட்டிப் பள்ளிக்கூடம் என்று எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். யாசுவாகி-சானை அவ்வளவு பேர் சொல்வதில்லை. போலியோவால் கைகால் சூம்பிய பையன். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரம் சொந்தம். அவனால் ஏற முடியாது. டோட்டோ-சான் வீட்டில் பொய் சொல்லிவிட்டு விடுமுறை நாளில் வந்து, காவலாளியின் கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்துவந்து, கீழேயிருந்து தள்ளி, மேலேயிருந்து இழுத்து, வியர்த்து விறுவிறுத்து அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக ஏற்றுகிறாள். பிறகு ஒரு நாள் அவன் இறந்துபோன செய்தியைத் தலைமையாசிரியர் கோபயாஷி பிள்ளைகளைக் கூட்டி நேராகச் சொல்கிறார். எல்லாரும் சவ அடக்கத்துக்குப் போகிறார்கள். டோட்டோ-சான் சவப்பெட்டியில் பூ வைக்கிறாள். அவன் படிக்கக் கொடுத்த புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. இனி திருப்பித் தர முடியாது. பக்கத்து வீட்டுக்கு யாரும் அனுப்பப்படவில்லை.

2021 மே மாதம் தமிழக அரசு, கொரோனாவில் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி அறிவித்தது. பதினெட்டு வயதில் வட்டியோடு கையில் வரும். நல்ல காரியம், அவசியமான காரியம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஊர்ப்புற நூலகத்துக்குப் போய்ச் சிறுவர் அலமாரியைத் துழாவினால் அவளுக்கு என்ன கிடைக்கும்? தெனாலிராமன் கிடைப்பான், பரமார்த்த குரு கிடைப்பார், சிங்கத்தை ஏமாற்றிய முயல் கிடைக்கும். எல்லாம் வேண்டியவை, சிரிக்கவும் வேண்டும். அம்மாவின் புடவையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும் ஒரு பெண்ணும், அவளோடு சண்டை போடும் இன்னொரு பெண்ணும் இருக்கும் கதை அந்த அலமாரியில் சுலபமாக அகப்படாது. இங்கே எழுதுகிறவர்கள் பலருக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது: பிள்ளை பயந்துவிடுமே. பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டது. பார்த்ததைப் பேசத்தான் ஆள் இல்லை.

கடைசியாக, மேரியின் ஆயாவிடம் திரும்ப வேண்டும். அவளை அப்படியே விட்டுவந்துவிட்டோம்.

மேரி காலினை முதன்முதலில் பார்ப்பது ஒரு மழை ராத்திரியில். தூக்கம் வராமல் அழும் குரலைத் தேடிப்போய் அவன் அறைக்குள் நுழைகிறாள். இருவரும் வெகுநேரம் பேசுகிறார்கள். நான் தூங்கும்வரை இருக்க மாட்டாயா என்று அவன் கேட்கிறான். மேரிக்கு, இந்தியாவில் தன் ஆயா என்ன செய்வாள் என்பது நினைவு வருகிறது. கண்ணை மூடச் சொல்கிறாள். அவன் கையை எடுத்து வைத்துக்கொண்டு மெல்லத் தட்டி, தடவி, தாழ்ந்த குரலில் இந்துஸ்தானியில் ஒரு பாட்டைப் பாடுகிறாள். தனக்காக அழாத பிள்ளையின் விரல்களுக்குள் அந்த ஆயா இருந்திருக்கிறாள். தாயில்லாத ஒரு பையனை, தாயிடமிருந்து எதுவும் பெறாத ஒரு பெண், செத்துப்போன ஒரு வேலைக்காரியின் தாலாட்டால் தூங்கவைக்கிறாள். பர்னெட் இதை அழுத்திச் சொல்லவில்லை. அவர் கவனித்தாரா என்பதும் சந்தேகமே.

சில அத்தியாயம் கழித்து, அந்தப் பெரிய சண்டை ஓய்ந்த ராத்திரியில், காலின் மறுபடி தூங்கவைக்கச் சொல்கிறான். இந்த முறை ஆயா பாட்டு வேண்டாம், தோட்டம் எப்படி இருக்கும் என்று சொல் என்கிறான். மேரி சொல்லத் தொடங்குகிறாள். பாட்டு அதோடு நிற்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்தவளின் பெயர் முதல் அத்தியாயத்தில் போகிறபோக்கில் வருவதோடு சரி.